அசலூர்ப் பெண்

என் மகனுக்கு நான்கு வயது நடந்தபோது அவனுடைய முழங்கைகளில் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் தெரிய ஆரம்பித்தன. ஊறவைத்த கடலைப்பருப்பைத் தோலுக்கு அடியில் செருகியது போல இருந்தன. தொட்டால் வலி இல்லை, அரிப்பும் இல்லை. மரு என்று நினைத்து, சுண்ணாம்பு வைக்கலாமா என்று என் மாமியாரிடம் கேட்டேன். அவர் பிள்ளையின் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அப்புறம், அப்போதுதான் குளித்து வந்த தன் தலையைக்கூடத் துவட்டாமல் அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

"ஏத்தா, எல்லாரும் இங்கன வந்து பாருங்க. எங்க வீட்டுப் பெரியவரு திரும்ப வந்துட்டாக. அடையாளத்தோட வந்திருக்காக."

பெரியவர் என்றது என் மாமனாரின் அண்ணனை. பிள்ளை குட்டி இல்லாதவர். மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டு வயலையும் வாழைத்தோப்பையும் உண்டாக்கியவர் அவர்தான். என் மகன் பிறப்பதற்கு முந்தைய வருடம் இறந்துபோனார். அவருடைய முழங்கைகளிலும் குதிகாலிலும் இப்படிக் கட்டிகள் இருந்தன. என் மாமனாருக்கும் இருக்கின்றன, கொஞ்சம் சிறியதாக. அந்த வீட்டில் அதை நோய் என்று யாரும் சொன்னதில்லை. வீட்டு முத்திரை என்பார்கள். என் மகனுக்குப் பெரியவரின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். மருமகளாகிய நான் அந்தப் பெயரை வாயால் சொல்லக் கூடாது. மாமியாரும் சொல்ல மாட்டார். அதனால் பிள்ளையை எல்லோரும் "பெரியவரு" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

அன்று தெரு முழுக்கப் பொரிகடலையும் கருப்பட்டியும் கொடுத்தார் என் மாமியார். நானும் ஒரு கை அள்ளித் தின்றேன். என் வயிற்றில்தான் பெரியவர் வந்து பிறந்திருக்கிறார் என்று நாலு பேர் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கருப்பட்டியின் ருசி இப்போது ஞாபகம் வந்தால் வாய் கசக்கிறது.

பெரியவர் இறந்தது வாய்க்கால் மடையில். உச்சிவெயிலில் தண்ணீர் திருப்பப் போனவர் மடைக்குப் பக்கத்திலேயே சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. தூக்கி வந்த மறுநாள் உயிர் போய்விட்டது. முனி அடித்துவிட்டது என்றார்கள். உச்சி நேரத்தில் மடைப்பக்கம் போனால் அடிக்கும்தான் என்றார்கள். தலை நரைக்காத வயது அவருக்கு.

பிள்ளையின் கையில் அடையாளம் தெரிந்த அடுத்த வருடம் என் மாமனார் விழுந்தார். அவர் மடைப்பக்கம் போகவில்லை. பம்புசெட்டுத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சொம்பு கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. அண்ணனை அடித்த முனி தம்பியைத் தொட்டி வரைக்கும் தேடி வந்தது என்றார்கள். புறா ரத்தம் தடவினார்கள். எண்ணெய் காய்ச்சி நீவினார்கள். என் கணவர் கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனார். கொஞ்சம் நடக்கிற அளவுக்குத் தேறி வந்தார். பேச்சில் திரும்பி வந்தவை இரண்டே வார்த்தைகள். ஒன்று "சரி." எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். மற்றது "தங்கச்சி." அதை என்னைப் பார்த்தால் மட்டும் சொல்வார்.

வீட்டில் எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை.

"மருமகளைப் போயி தங்கச்சிங்கிறாரே, முறை மறந்துபோச்சா?" என்று என் மாமியார் சிரிப்பார். "அப்ப நான் யாரு உங்களுக்கு? அண்ணியா?"

"சரி," என்பார் மாமனார்.

நானும் சிரிப்பேன். ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அண்ணன் விழுந்தார், தம்பி விழுந்தார். அடுத்து யார்? என் கணவர் வயலிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். அவர் சாப்பிடும்போது வலது கை சோற்றைச் சரியாக உருட்டுகிறதா என்று பார்ப்பேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"என்னத்த அப்படிப் பாக்குற? நான் என்ன எடது கையிலயா திங்கிறேன்?"

"ஒண்ணுமில்லை" என்பேன். அவருக்கு வந்தால் பிள்ளைக்கும் வருமே என்பதுதான் உள்ளே ஓடும். எண்ணெய் தேய்க்கும் சாக்கில் பிள்ளையின் முழங்கையை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். பெரியவரின் கட்டி வந்ததென்றால் பெரியவரின் சாவும் கூடவே வருமா? இதை வாய்விட்டுக் கேட்கத் துணிச்சல் இல்லை. கேட்டால் கேட்டதனாலேயே நடந்துவிடுமோ என்றும் இருந்தது. படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று என்னையே கடிந்துகொள்வேன். மறுபடியும் நினைப்பேன்.

மனதுக்குள் ஒரு கோபமும் இருந்தது. இது இந்த வீட்டு ரத்தம். நல்ல பிள்ளையாக என்னிடம் வந்தவனுக்குள் இந்த வீடு இதைக் கலந்துவிட்டது. இப்படித்தான் எண்ணிக்கொண்டேன்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் அந்த வீட்டுக்குப் புதியவள் இல்லை. என் மாமனார் என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். பெரியவர் அவர்கள் இருவருக்கும் மூத்தவர். நான் கட்டிக்கொண்டது என் மாமன் மகனை. பேச்சு வந்த நாளிலிருந்து மாமா, அத்தை, மச்சான் என்று கூப்பிட்டவர்களையே கல்யாணத்துக்குப் பிறகும் அப்படிக் கூப்பிட்டேன். ஒரு சொல்கூட மாற வேண்டியிருக்கவில்லை.

அப்படியிருந்தும் அந்த வீட்டு ரத்தம் என்று ஏன் நினைத்தேன்? எங்கள் பக்கத்துக் கணக்கு அப்படி. ரத்தம் என்றால் பங்காளிகள். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள், ஒருவர் செத்தால் மற்றவர் தீட்டுக் காக்கிறவர்கள். பெண் தாலி கட்டிய அன்றே பிறந்த வீட்டுச் சாமியை விட்டுப் புருஷன் வீட்டுச் சாமிக்குப் போய்விடுகிறாள். என் அம்மா அப்படி ஜெயமங்கலத்துக்கு, என் அப்பாவின் சாமிக்குப் போனவள். நான் அப்பாவின் சாமிக்குப் பிறந்தவள். அம்மாவின் அண்ணன்மார் எனக்கு மாமன்மார். சீர் கொண்டுவருகிறவர்கள், பெண் எடுக்கிற உரிமை உள்ளவர்கள். உறவுதான், ஆனால் ரத்தம் வேறு. பள்ளிக்கூடத்தில் நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி என்று கட்டம் போட்டு மார்க்கு வாங்கியவள் நான். அந்தக் கட்டத்தை என் வீட்டு வாசலில் போட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை.

மதுரையில் மாமனாரைப் பார்த்த மருத்துவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. சின்ன வயதிலேயே கை கால் விழுகிறவர்களின் குடும்பங்களை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி விழுந்தார்கள் என்று கேள்விப்பட்டதும் ஊர் தேடி வந்துவிட்டார். இளைஞர்தான். மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு பை, பைக்குள் ஊசிகளும் கண்ணாடிக் குழாய்களும். சின்னமனூரில் இறங்கி, வெயிலில் விசாரித்து நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் மோர் கொடுத்தேன்.

பெரிய காகிதத்தை விரித்து ஆண்களுக்குக் கட்டமும் பெண்களுக்கு வட்டமும் போட்டார். விழுந்தவர்களின் கட்டத்துக்கு மை நிரப்பினார். செத்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார். நான் அடுப்படிக் கதவோரம் நின்றிருந்தேன். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தான்.

"உங்க மனைவி?" என்று கேட்டார் மருத்துவர். "சொந்தமா, அசலா?"

"அசலூருதேன் சார். பெரியகுளம் பக்கம் ஜெயமங்கலம்."

மருத்துவர் ஒரு வட்டம் போட்டு, என் கணவரின் கட்டத்தோடு அதை ஒற்றைக் கோட்டால் சேர்த்தார்.

மாமனாருக்கும் கணவருக்கும் ரத்தம் எடுத்தார். நானும் புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினேன்.

"உங்களுக்கு வேண்டாம்மா. நீங்க அசல்தானே," என்றார்.

எனக்கு அதில் எதுவும் தவறாகப் படவில்லை. மருமகள் அசல்தான். சண்டை வரும்போதெல்லாம் என் மாமியாரே அதைத்தான் சொல்வார். அவரும் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர்தான் என்பது வேறு விஷயம்.

மருத்துவர் கிளம்பும்போது எப்படியோ தைரியம் வந்து கேட்டுவிட்டேன். "எங்க பையனுக்கு வருமா சார்?"

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிற குறை என்றால் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம் என்றார். வந்தாலும் நடுவயதில்தான் தெரியும், அதற்குள் உலகத்தில் மருந்து கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். "அம்மா பக்கம் சுத்தமா இருக்கிறது பையனோட அதிர்ஷ்டம்," என்றும் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நான் பல மாதங்கள் குடியிருந்தேன். அம்மா பக்கம் சுத்தம். வாழை இலை நறுக்கும்போதும் துணி அலசும்போதும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அந்த வீட்டில் எனக்கு ஒரு உயரம் கூடிவிட்ட மாதிரி இருந்தது. மாமியார் குழம்பில் உப்பில்லை என்றால், என் ரத்தம்தான் உங்கள் பேரனைக் காப்பாற்றப் போகிறது என்று உள்ளுக்குள் பதில் சொல்வேன். அந்த நிம்மதியில்தான் இரண்டாவதாகக் கருத்தரித்தேன். முதல் பிள்ளைக்குப் பிறகு போதும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவள், இனி பயமில்லை என்று நானேதான் முடிவு செய்தேன்.

மறுபடி மருத்துவர் வந்தபோது எனக்கு ஐந்தாம் மாதம். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. பிள்ளை முற்றத்தில் தென்னை மட்டையை வண்டியாக்கி இழுத்துக்கொண்டிருந்தான்.

ரத்தத்தில் கொழுப்பு அளவுக்கு மீறி இருக்கிறது, மாமனாருக்கும் இருக்கிறது, என் கணவருக்கும் இருக்கிறது என்றார் மருத்துவர். அந்தக் கொழுப்பு ரத்தக் குழாயில் படிந்து படிந்து ஒரு நாள் மூளைக்குப் போகிற வழியை அடைத்துவிடுகிறது. முனி எல்லாம் இல்லை.

"வாய்க்கால்ல வண்டல் அடைக்கிற மாதிரியா சார்?" என்றார் என் கணவர்.

"அப்படியே வச்சுக்கலாம்."

"அப்பச் சரி, வருசா வருசம் தூர் வாரிட்டாப் போகுது."

மருத்துவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

என் மாமியாருக்குப் பேச்சு பிடிக்கவில்லை. தன் வீட்டு ஆண்களுக்குக் கொழுப்பு என்று ஒருவன் வந்து சொல்கிறானே என்று அவருக்கு. முற்றத்திலிருந்து பேரனை இழுத்து வந்து மருத்துவருக்கு முன்னால் நிறுத்தினார்.

"கொழுப்பாம்ல கொழுப்பு. இங்கன பாருங்க சார். செத்துப்போன எங்க பெரியவரு, அதே அடையாளத்தோட வந்து பொறந்திருக்காக. இதுக்கு உங்க படிப்புல என்ன எழுதியிருக்கு?"

பிள்ளை பழக்கத்தில் இரண்டு முழங்கைகளையும் மடக்கிக் காட்டினான். யார் வந்தாலும் காட்டச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள்.

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கட்டிகளை விரலால் தடவினார். கால்சட்டையை ஒதுக்கி முழங்காலைப் பார்த்தார். அங்கேயும் புதிதாக இரண்டு மூன்று வந்திருந்தன. என்ன வயது என்று கேட்டார். ஆறு என்றேன். அவர் காகிதத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு பக்கத்திலேர்ந்து மட்டும் வந்தா இந்த வயசுல இப்படி வெளிய தெரியாதே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க வீட்டுப் பக்கம் யாருக்காவது இப்படி இருக்காம்மா?"

"இல்லை சார்," என்றேன் உறுதியாக. என் அப்பா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரையும் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். "எங்க பங்காளிகள்ல யாருக்கும் இல்லை."

அப்போது நான் காப்பித் தம்ளரை எடுக்கக் குனிந்தேன். நாற்காலியில் இருந்த மாமனார் இடது கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"தங்கச்சி," என்றார்.

என் கணவர் சிரித்துக்கொண்டே, "அப்பா எப்பவும் அப்படித்தேன் சார். முறை தடுமாறிப்போச்சு," என்றார்.

"ஏன் தங்கச்சிங்கிறார்?"

"சாயல்தேன்," என்றார் என் மாமியார். "இவரு கூடப்பொறந்த தங்கச்சிதேன் இவளைப் பெத்தவ. அவளை உரிச்சு வச்ச மாதிரி இருப்பா இவ. பழைய ஞாபகத்துல சொல்றாக."

மருத்துவரின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது.

"அசல்னு சொன்னீங்களே?"

"ஆமா சார், அசலூருதேன்," என்றார் என் கணவர். "ஊரு ஜெயமங்கலம். ஆனா சொந்த அத்தை மகதேன். அசல்ல போயி எதுக்குக் கட்டுறோம்?"

அவர் கேட்டது ரத்தம் வேறா என்று. இவர் சொன்னது ஊர் வேறு என்று. இரண்டு எழுத்து வித்தியாசம். அந்த இரண்டு எழுத்துக்குள்தான் நான் அத்தனை மாதமும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். வயிற்றிலும் ஒன்றைச் சுமந்துகொண்டேன்.

மருத்துவர் காகிதத்தில் பெரியவரின் கட்டத்துக்கும் மாமனாரின் கட்டத்துக்கும் பக்கத்தில் புதிதாக ஒரு வட்டம் போட்டார். அது என் அம்மா. கட்டிக்கொடுத்துப் போனவள் என்று முதல்முறை யாரும் அவளைக் கணக்கில் சொல்லவில்லை. அதிலிருந்து ஒரு கோடு இறங்கி என் வட்டத்துக்கு வந்தது. எனக்கும் என் கணவருக்கும் நடுவே இருந்த ஒற்றைக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தார். இரட்டைக் கோடு. சொந்தத்தில் கட்டினால் அப்படிப் போடுவார்களாம். அதிலிருந்து கீழே தொங்கிய சின்னக் கட்டத்தில் என் மகன் இருந்தான்.

என் குதிகாலின் பின்னால் இருக்கிற நரம்பைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். மாமியார் முன்னால் அவர் என் காலைத் தொட முடியாது, அதனால் நானேதான் பார்த்தேன். கிணற்றுக் கயிறு போலத் தடித்திருந்தது. எனக்கு அது எப்போதும் அப்படித்தான். அம்மாவுக்கும் அப்படித்தான். உழைக்கிற கால் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். என் கையிலிருந்தும் ரத்தம் எடுத்தார். முதல்முறை வேண்டாம் என்றவர் இந்த முறை இரண்டு குழாய் எடுத்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, என் மகனுக்கு இரண்டும் வந்திருக்கிறது. எனக்கும் என் கணவருக்கும் நடுவயதில் செய்யக்கூடியதை அது அவனுக்கு முன்னதாகவே செய்யும். மூளையில் செய்யலாம், நெஞ்சிலும் செய்யலாம். எப்போது என்று சொல்ல முடியாது. உறுதியான மருந்து இப்போதைக்கு இல்லை. கறி, முட்டை, நெய், தேங்காய் எல்லாவற்றையும் குறைக்க வேண்டும். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு அப்படி ஆக வாய்ப்பு உண்டு. பிறந்ததும் தெரியாது, சில வருடங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் காகிதத்தை மடிக்கும்போது, கிடைக்காத ஒன்று கிடைத்தவரைப் போல அவர் கைகள் அவ்வளவு பத்திரமாக மடித்தன. "இப்படி ஒரு குடும்பம் அமையறது ரொம்ப அபூர்வம்மா," என்றார். "இதனால பின்னால எத்தனையோ பேருக்கு நன்மை வரும்."

"எங்களுக்கு?" என்று கேட்க நினைத்தேன். வீடு தேடி வந்தவரிடம் அப்படிக் கேட்கலாமா என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கேட்டு என்ன ஆகியிருக்கும் என்றும் தோன்றுகிறது.

"சரி," என்றார் மாமனார் நாற்காலியிலிருந்து.

அடுத்த வாரம் ஜெயமங்கலம் போனேன். மருத்துவர் அம்மாவின் ரத்தமும் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தடித்த குதிகாலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயமா, என் பேச்சா என்று தெரியவில்லை.

"எனக்கென்ன கேடு? நான் நல்லாத்தேன் இருக்கேன். எவனும் எனக்கு ஊசி குத்த வேணாம்," என்றாள். இன்னொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "கண்காணாத எடத்துல கொடுத்து நீ கண்ணு கலங்கக் கூடாதுன்னுதேன்டி எங்க அண்ணன் வீட்டுல கொடுத்தேன்," என்றாள்.

"தெரியும்மா," என்றேன்.

"அசல்ல கொடுத்திருந்தா உன்னை இப்படித் தாங்குவாகளா?"

அவளோடு சேர்ந்து வெங்காயம் உரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அடுப்படியில் சண்டை ஆரம்பித்தது. பிள்ளைக்கு நான் கறியை நிறுத்தினேன். தேங்காய் அரைக்காமல் குழம்பு வைத்தேன். என் கணவர் அதையே தின்றார். அவர் தூர் வாருகிற பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. ஆட்டுத்தலை வாங்கும் நாளில் என் மாமியார் மூளையைத் தனியாக வதக்கி, பின்கட்டில் வைத்துப் பேரனுக்கு ஊட்டுவார். கண்டுபிடித்து நான் கேட்டால் தெருவுக்குக் கேட்கிற மாதிரி பதில் வரும்.

"ரெண்டு எழுத்துப் படிச்சுப்புட்டு புள்ளையப் பட்டினி போடுறா பாருங்க. பெரியவரு ஒரு வேளைக்கு எம்புட்டுக் கறி திம்பாக தெரியுமா?"

"அதான் அத்தை, அவுக அந்த வயசுல போயிட்டாக."

"முனி அடிச்சுப் போனாக. கறி தின்னா போனாக?"

ஒரு நாள் பிள்ளையே என்னிடம் கேட்டான். தட்டில் ரசமும் கீரையும் போட்டு வைத்திருந்தேன். அவன் தொடவில்லை.

"அம்மா, நான் பெரியவருதானே?"

"ஆமா. சாப்பிடு."

"பெரியவரு கீரை திங்க மாட்டாராம். அப்பத்தா சொல்லுச்சு. நான் மடைப்பக்கம் மட்டும் போகாம இருந்தாப் போதுமாம், சாக மாட்டேனாம்."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "நீ பெரியவர் இல்லை," என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவனுக்கு வைத்த பெயரை, பிறந்ததிலிருந்து நான் ஒரு முறைகூட உச்சரிக்காத அந்தப் பெயரை, முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து வாசல் பக்கம் பார்த்தான். என் மாமியார் வெங்கலப் பானையைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றார். மூத்தவர் பெயரை வாய்கூசாமல் சொன்னவள் என்று அன்றிலிருந்து ஊருக்கே தெரிந்தவள் ஆனேன். பிள்ளை வழக்கம்போலப் பெரியவராகவே இருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு மட்டும்தான் திரும்புகிறான்.

மருத்துவரிடமிருந்து கொஞ்ச காலம் மாத்திரைகள் வந்தன. பிறகு அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார் என்று மதுரையில் சொன்னார்கள். எங்கள் ரத்தம் அங்கே எந்தக் கண்ணாடிக் குழாயில் இருக்கிறதோ. என்றைக்காவது அதிலிருந்து ஏதாவது கண்டுபிடிப்பார்களாக இருக்கும். என் மகனுக்கு இப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் வருகிறான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் நிற்கிற நேரம் முன்பைவிட நீண்டிருக்கிறதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? தினமும் குழம்புகிறேன்.

இரண்டாவதாகப் பிறந்தது பெண் குழந்தை. பிறந்த அன்று துடைத்துத் துணியில் சுற்றி என் பக்கத்தில் போட்டார்கள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் கையை எடுத்து முழங்கையைத் திருப்பினேன். அதே நேரத்தில் என் மாமியாரும் குனிந்து மறு கையைத் திருப்பினார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் எது இருக்கக் கூடாது என்று தேடினேனோ, அது இருக்க வேண்டும் என்று அவர் தேடினார்.

தோல் வழவழவென்று இருந்தது. அவர் கையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இவ நம்ம வீட்டு ஆளு ஆரும் இல்ல போல," என்றார். "வெறுங்கையோட வந்திருக்கா."

அந்த வீட்டில் என் பிள்ளைகளைப் பற்றி யாரும் சொன்னதில் எனக்குப் பிடித்த ஒரே வார்த்தை அதுதான். அவர் அதைக் குறையாகச் சொன்னார். குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. குளிப்பாட்டும்போது இன்னும் கையைத் திருப்பித்தான் பார்க்கிறேன். இன்று காலையிலும் பார்த்தேன். வெறுங்கைதான்.